வீடு கலையகமான வரலாறு

இசை வரலாறு என்ற பெயரில் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை இசைஞர்களையும் அவர்தம் ஆக்கங்களையுமே மையமாகக் கொண்டவை. ஓர் இசை எங்கே உருவாயிற்று, அவ்விடம் யாருக்குச் சொந்தமாயிருந்தது, அங்கிருந்த கருவிகளுக்கு யார் விலை கொடுத்தனர் என்னும் வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கோயிலையும் அரசவையையும் அண்டி வளர்ந்த இசையை ஆராய்வோர் புரவலரைப் பற்றி எழுதத் தவறுவதில்லை. ஆனால் இசைத்தட்டின் காலத்துக்கு வந்ததும் அவர்கள் புரவலரை மறந்துவிடுகின்றனர். இசைத்தட்டுக் காலத்திலும் புரவலர் இருந்தார். அவருடைய பெயர் கம்பனி என்பதே வேறுபாடு. கலையகம் கம்பனிக்குரியது, பதிவுப் பொறி கம்பனிக்குரியது, பொறியை இயக்கியவர் கம்பனியின் சம்பளம் பெற்றவர். இசைஞனிடம் எஞ்சியிருந்தது அவனது வாத்தியம் மட்டுமே. இந்நிலையில் ஓர் இசைஞன் பதிவுப் பொறியையும் தனது உடைமையாக்கிக்கொண்டு, அதையும் ஒரு வாத்தியமாகக் கருதித் தன் வீட்டிலேயே பழகத் தொடங்கும்போது நிகழும் மாற்றம் சிறியதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இம்மாற்றம் எவ்வாறு ஏற்பட்டது, அதனால் யார் எதைப் பெற்றனர், யார் எதை இழந்தனர் என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

1940களின் பிற்பகுதி வரை ஒலிப்பதிவு என்பது சுழலும் தட்டொன்றில் ஊசி நேரடியாகச் செதுக்கும் முறையாகவே இருந்தது. செதுக்கியதை அழித்தெழுத வழியில்லை. மூன்று நிமிடப் பாடலின் கடைசி அடியில் ஒருவர் பிழைவிட்டால் தட்டு முழுவதும் வீணாகும். அமெரிக்கக் கலையகங்களில் மூன்று மணிநேரம் ஓர் அமர்வு என்றும், அவ்வமர்வில் நான்கு பாடல்கள் முடிக்கப்படவேண்டும் என்றும் வழக்கு நிலவியது. இத்தகைய சூழலில் இசைஞன் தான் நன்கறிந்ததை மட்டுமே வாசிக்க முடியும். புதிதாகக் கைக்கு வந்த கருவியொன்றைத் தட்டிப்பார்த்து, தவறாக வாசித்து, அத்தவறிலிருந்து எதிர்பாராத ஓர் ஒலியைக் கண்டடையும் ஓய்வு அங்கு அவனுக்குக் கிடைக்கவில்லை. சோதனைக்கு வேண்டிய முதற்பொருள் நேரம். நேரமோ கம்பனியின் கணக்கில் இருந்தது.

ஒருவரே பலராக ஒலிக்கலாம் என்பதைத் தட்டுக் காலத்திலேயே சிலர் காட்டியிருந்தனர். 1941 ஏப்ரலில் ஜாஸ் இசைஞரான சிட்னி பெஷே, விக்டர் கம்பனியின் கலையகத்தில், கிளாரினெற், இருவகைச் சக்சபோன், பியானோ, பாஸ், தாளம் ஆகிய ஆறினையும் தாமே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பதிவுசெய்தார். இது ஒரு வேடிக்கையாகவே பலராலும் கொள்ளப்பட்டது. ஆயின் அமெரிக்க இசைஞர் தொழிற்சங்கத்துக்கு இது வேடிக்கையாகத் தோன்ற நியாயமில்லை. ஆறு பேருக்குரிய ஊதியத்தை ஒருவர் பெறுகிறார் என்றால் ஐவர் வேலையற்றிருக்கின்றனர் என்பது பொருள். பதிவுசெய்யப்பட்ட இசை, வாழும் இசைஞரின் பிழைப்பைப் பறிக்கிறது என்னும் அச்சம் அச்சங்கத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெற்றில்லோவின் கட்டளைப்படி 1942 ஓகஸ்ட் முதலாந் திகதி தொடங்கிய ஒலிப்பதிவுப் பகிஷ்கரிப்பு, பெரிய கம்பனிகளைப் பொறுத்தவரை 1944 நவம்பர் வரை நீடித்தது. 1948 இல் அது மீண்டும் ஓராண்டளவு இடம்பெற்றது. வீட்டு ஒலிப்பதிவின் வரலாற்றை விடுதலையின் வரலாறாக மட்டும் எழுத முற்படுவோர் இப்பகிஷ்கரிப்புகளைக் கவனியாது விடுவது வழக்கம். அது சரியன்று.

இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் லெஸ் போல். 1915 ஜூன் 9 ஆந் திகதி விஸ்கொன்சின் மாநிலத்து வோக்கிஷா என்னும் சிற்றூரிற் பிறந்த இவர், முறையான இசைக்கல்வி பெற்றவரல்லர். சிறுவயதிலேயே கிராமபோனின் ஒலியெடுப்பியைக் கிற்றாரில் பொருத்தி, வானொலிப் பெட்டியை ஒலிபெருக்கியாகப் பயன்படுத்தியதாக அவர் கூறியுள்ளார். லெஸ் போலின் இளமைக்காலம் பற்றிய செய்திகளுக்கு அவருடைய பேட்டிகளே பெரிதும் ஆதாரம். அவர் கதை சொல்வதில் வல்லவர். ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விதமாகக் கூறியவர். எனவே அவர் கூற்றுகளை ஓரளவு கழித்தே கொள்ளவேண்டும். எனினும் அவர் கைப்படச் செய்த பொருள்கள் இன்றும் உள்ளன, அவை பொய்சொல்வதில்லை.

அவற்றுள் ஒன்று 'மரக்கட்டை' என அவர் பெயரிட்ட கிற்றார். 1940ஐ அடுத்த காலத்தில், நியூயோர்க்கில் இருந்த எபிபோன் வாத்தியத் தொழிற்சாலையை விடுமுறை நாள்களில் பயன்படுத்த அவருக்கு அனுமதி கிடைத்தது. நான்கு அங்குலச் சதுரமான பைன் மரத்துண்டொன்றில் கழுத்தையும் தந்திகளையும் மின் ஒலியெடுப்பியையும் பொருத்தினார். குடமுள்ள கிற்றாரில் ஒலிபெருக்கியின் ஓசை குடத்தை அதிரச்செய்து ஊளையிடும். குடமற்ற திண்மரத்தில் அக்குறை இல்லை. தந்தியின் ஓசையும் நீண்டு நிற்கும். ஆயினும் அவர் அதனை மேடைக்குக் கொண்டுசென்றபோது சபையோர் பொருட்படுத்தவில்லையாம். பின்னர் பழைய கிற்றார் ஒன்றின் உடலை இரண்டாகப் பிளந்து மரத்துண்டின் இருபுறமும் சிறகுபோல ஒட்டி வாசித்தபோது கைதட்டினராம். செவியால் மட்டுமன்றிக் கண்ணாலும் இசை கேட்கப்படுகிறது என்பதற்கு இதனைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கிப்சன் கம்பனி இக்கருவியை முதலில் ஏற்க மறுத்தது. 1952 இல் அதே கம்பனி அவர் பெயரிலேயே திண்மரக் கிற்றாரைச் சந்தைக்கு விட்டது.

1943 இல் லெஸ் போல் ஹொலிவூட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவர் புகழ்பெற்ற பாடகரான பிங் குரொஸ்பியின் பாடல்களுக்குக் கிற்றார் வாசித்தார். குரொஸ்பியின் ஊக்குவிப்பினால், கேர்சன் அவெனியூவிலிருந்த தமது வீட்டின் மோட்டார்க் கொட்டகையைக் கலையகமாக மாற்றினார். தட்டுச் செதுக்கும் பொறியைத் தாமே அமைத்தார். கடிலாக் மோட்டார் வண்டியொன்றின் பாரமான சுழற்சில்லே அதன் மேடையாயிற்று. தட்டு சீரான வேகத்திற் சுழல வேண்டுமானால் சில்லின் பாரம் சரிசமமாகப் பங்கிடப்பட்டிருத்தல் வேண்டும். மோட்டார்த் தொழிற்சாலை அதனைத் துல்லியமாகவே செய்திருந்தது. கம்பனியின் விலையுயர்ந்த பொறிக்குப் பதிலாகப் பழைய இரும்புக் கடையிற் கிடைக்கும் பொருள் பயன்பட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அவர் கையாண்ட முறை சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். முதற்பொறியில் ஒரு கிற்றார்ப் பகுதியைச் செதுக்குவார். அத்தட்டை ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து இரண்டாம் பகுதியை வாசித்து, இரண்டையும் மற்றப் பொறியிற் புதிய தட்டொன்றிற் செதுக்குவார். பின்னர் அதனை ஓடவிட்டு மூன்றாவது. சில பகுதிகளைப் பொறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து வாசித்துப் பதிவார். வழமையான வேகத்தில் ஓடவிடும்போது அவை ஒரு ஸ்தாயி உயர்ந்து, மனித விரலுக்கு எட்டாத வேகத்தில் ஒலிக்கும். ஒவ்வொரு படியிலும் தட்டின் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். ஆகவே முதன்மையற்ற பகுதிகளை முதலிலும் முதன்மையானவற்றை இறுதியிலும் பதிதல் வேண்டும். வழக்கமான இசையமைப்பில் முதலில் எழுவது இராகத்தின் முகம். இங்கோ முகம் கடைசியில் வரையப்பட்டது. இவ்வாறு எட்டுக் கிற்றார்ப் பகுதிகளை அடுக்கி அவர் உருவாக்கிய 'லவர்' என்னும் இசைத்தட்டைக் கப்பிற்றல் கம்பனி 1948 இல் வெளியிட்டது. இசைஞர் சங்கத்தின் இரண்டாம் பகிஷ்கரிப்பு நடைமுறையிலிருந்த ஆண்டு அது. நாட்டின் கலையகங்களில் வாத்திய இசைஞர் எவரும் வாசிக்காதிருக்க, ஒருவரே எட்டுப் பேராக வாசித்த தட்டு கடைகளில் விற்பனையாயிற்று.

அதே ஆண்டு சனவரியில் ஒக்லகோமா மாநிலத்தில், பனியுறைந்த வீதியில் நிகழ்ந்த மோட்டார் விபத்தில் லெஸ் போலின் வலது முழங்கை சிதைந்தது. மூட்டினை மீண்டும் இயங்கச்செய்ய இயலாதென வைத்தியர் கூறியதால், கிற்றாரை அணைத்துப் பிடிக்கத்தக்க கோணத்தில் கையை நிலைப்படுத்துமாறு அவர் கேட்டுக்கொண்டார். அவ்வாறே செய்யப்பட்டது. எஞ்சிய அறுபதாண்டு வாழ்க்கையையும் மடங்கிய கையுடனேயே அவர் வாசித்தார்.

ஒலிநாடாவின் வரவு இதற்கிடையே நிகழ்ந்தது. ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனம் 1935 இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்சிக்கு வைத்த மக்னெற்றோபோன் என்னும் பொறி, போர்க்காலத்தில் அந்நாட்டு வானொலி நிலையங்களில் வியக்கத்தக்க தெளிவுடன் இயங்கிவந்தது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஜாக் முலின் என்பவர் இரண்டு பொறிகளைப் பகுதி பகுதியாகக் கழற்றித் தம் நாட்டுக்கு அஞ்சலில் அனுப்பினார். 1946 மே மாதம் சன் பிரான்சிஸ்கோவிற் பொறியியலாளர் முன்னிலையில் ஒன்றை இயக்கிக் காட்டினார். தோற்ற நாட்டின் தொழில்நுட்பம் வென்ற நாட்டின் கேளிக்கைத் தொழிலுக்கு அடித்தளமான கதை இது. குரொஸ்பிக்கு இதிற் கவர்ச்சி தோன்றக் காரணம் கலையன்று, ஓய்வு. அமெரிக்காவின் கிழக்கிலும் மேற்கிலும் நேரம் வேறுபடுவதால் ஒரே வானொலி நிகழ்ச்சியை ஒரே இரவில் இருமுறை நேரடியாகப் பாடவேண்டியிருந்தது. அதனை அவர் வெறுத்தார். 1947 ஒக்ரோபரில் அவரது நிகழ்ச்சி நாடாவிலிருந்து ஒலிபரப்பாகத் தொடங்கியது. அம்பெக்ஸ் என்னும் சிறு கம்பனி பொறிகளை உற்பத்தி செய்வதற்கென அவர் 50,000 டொலர் கொடுத்தார். அப்பொறிகளுள் ஒன்றை 1949 இல் லெஸ் போலின் வீட்டுக்குக் கொண்டுசென்று பரிசளித்தார்.

புதிய பொறியைப் பெற்றவர் அதனை அது செய்யப்பட்ட நோக்கத்துக்கே பயன்படுத்தியிருப்பின் இக்கட்டுரைக்கு இடமிருந்திராது. நாடாப் பொறியில் மூன்று தலைகள் வரிசையாக இருக்கும்: முதலாவது அழிக்கும் தலை, அடுத்தது பதியும் தலை, மூன்றாவது ஒலிக்கும் தலை. லெஸ் போல் அழிக்கும் தலைக்கு முன்னே மேலும் ஓர் ஒலிக்கும் தலையைப் பொருத்தச் செய்தார். நாடா ஓடும்போது முன்னைய ஒலி முதலில் வாசித்தெடுக்கப்படும். அடுத்த கணம் அது நாடாவிலிருந்து அழிக்கப்படும். அதற்கடுத்த கணம் பழைய ஒலியும் புதிதாக வாசிக்கப்படும் ஒலியும் கலந்து அதே நாடாவிற் பதியப்படும். இரண்டு பொறிகள் தேவைப்பட்ட இடத்தில் ஒன்று போதுமாயிற்று. அதுவும் பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடிய ஒன்று. விடுதியறையும் அடுக்களையும் கலையகமாயின.

ஆனால் இம்முறையில் ஒரு கொடுமை இருந்தது. பழையது அழிந்தே புதியது பதியப்படும் என்பதால் திரும்பிச்செல்ல வழியில்லை. பதினொரு அடுக்குகள் சரியாக அமைந்து, பன்னிரண்டாவதிற் கை தவறினால் பதினொன்றும் போயின. தட்டு முறையிலாவது முன்னைய தட்டு மிஞ்சும். நாடாவில் எதுவும் மிஞ்சாது. சோதித்துப்பார்க்கும் உரிமையைத் தந்த பொறியே பிழைவிடும் உரிமையைப் பறித்துக்கொண்டது எனலாம்.

இவ்விடத்தில் மேரி போட் பற்றிக் கூறாது விடின் வரலாறு பாதியாகும். கொலீன் சமர்ஸ் என்ற இயற்பெயரினரான இவர் 1949 இறுதியில் லெஸ் போலை மணந்தார். விபத்தின்போது வண்டியைச் செலுத்தியவரும் இவரே. இவ்விணையரின் 'ஹவ் ஹை த மூன்' 1951 இல் ஒன்பது வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் வகித்தது. 1953 இல் 'வாயா கொன் டியோஸ்' அதனையும் விஞ்சிப் பதினொரு வாரங்கள் நின்றது. பொறியின் நுட்பம் பற்றி நூல் நூலாக எழுதியோர், அப்பொறியின்முன் நின்று பாடியவரின் நுட்பத்தை ஓரிரு வரிகளில் முடித்துவிட்டனர். தன் குரலோடு தானே இணைந்து பாடுதல் என்பது எளிதன்று. முதலடுக்கில் மூச்செடுத்த அதே கணத்தில் அடுத்த அடுக்கிலும் மூச்செடுக்க வேண்டும். ஒரு சொல்லின் இறுதி மெய்யெழுத்து எல்லா அடுக்குகளிலும் ஒன்றாகவே ஒலிக்க வேண்டும். குரலின் அசைவு ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். ஒலிவாங்கிக்கு மிக அண்மையில், உரத்துப் பாடாது, காதோடு பேசுவதுபோல் மேரி போட் பாடிய முறை அக்காலப் பாடகியரின் முறையினின்று வேறுபட்டது. இந்நெருக்கமே அப்பாடல்களின் உயிர். மேடையில் இத்தட்டுகளின் ஒலியை எழுப்புவது எவ்வாறு என்ற சிக்கலும் எழுந்தது. மேரியின் சகோதரி சபையோர் கண்ணிற்படாத இடத்தில் நின்று மற்றொரு ஒலிவாங்கியிற் பாடினார். பொறியின் மாயம் எனச் சபையோர் எண்ணி வியந்தது இன்னொரு பெண்ணின் குரலை.

1953 இல் தொடங்கிய அவர்களது தொலைக்காட்சித் தொடருக்கு 'வீட்டில் லெஸ் போலும் மேரி போட்டும்' என்று பொருள்படும் பெயரிடப்பட்டது. நியூ ஜேர்சியில் மாவா என்ற இடத்திலிருந்த அவர்களது இல்லமே அதன் களம். வீடு தொழிற்கூடமாக மாறும்போது தொழிலாளிக்கு வீடு திரும்பும் நேரம் என்பது இல்லாது போகிறது. பாடகியும் மனைவியும் இல்லத்தலைவியும் ஒருவரேயாக, முதலாளியும் கணவனும் பொறியியலாளனும் மற்றவராக அமைந்த இவ்வில்லம் 1964 இல் மணமுறிவில் முடிந்தது. மணமுறிவுகளுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனினும் வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே சுவரே இல்லாத வீட்டின் பாரம் அவற்றுள் ஒன்றல்ல எனக் கொள்வது கடினம்.

பழையதை அழிக்காமலே புதியதைச் சேர்க்க வழி தேடிய லெஸ் போல், ஒரே அகன்ற நாடாவில் எட்டுத் தடங்களை அருகருகே பதியும் பொறியொன்றை அம்பெக்ஸிடம் கேட்டார். இங்கு ஒரு தடை இருந்தது. பதியும் தலைக்கும் ஒலிக்கும் தலைக்கும் இடையே தூரம் உண்டு. அது ஒன்றரை அங்குலமாயின், விநாடிக்குப் பதினைந்து அங்குல வேகத்தில் ஓடும் நாடாவில் பத்திலொரு விநாடி தாமதம் ஏற்படும். பழைய தடத்தைக் கேட்டுக்கொண்டு பாடினால் புதிய தடம் அந்தளவு பின்தங்கும், தாளம் சிதறிவிடும். அம்பெக்ஸின் பொறியியலாளர் றொஸ் ஸ்னைடர், பதியும் தலையின் வேண்டிய பகுதிகளையே தற்காலிகமாக ஒலிக்கும் தலையாகப் பயன்படுத்தி இதனைத் தீர்த்தார். 1957 இல் மாவா வீட்டுக்கு வந்துசேர்ந்த அவ்வெண்தடப் பொறியின் விலை 10,000 டொலர். அதனை அவர்கள் 'ஒக்ரபஸ்' என்று அழைத்தனர். மறு ஆண்டில் அற்லான்ரிக் கம்பனியின் ரொம் டௌட் அத்தகைய பொறியொன்றைத் தம் கலையகத்தில் நிறுவினார். உலகப் புகழ்பெற்ற பீற்றில்ஸ் குழுவினர் 1967 இல் 'சார்ஜன்ற் பெப்பர்' இசைத்தட்டை உருவாக்கியது நான்கு தடப் பொறிகளிலேயே என்பதை ஒப்புநோக்கினால், ஒரு தனியார் வீடு பெருங்கம்பனி ஒன்றை எத்தனை ஆண்டுகள் முந்தியிருந்தது என்பது விளங்கும். ஆயினும் ஒக்ரபஸ் வந்த காலத்தில் அவ்விணையரின் உச்சக்காலம் கழிந்துகொண்டிருந்தது. றோக் இசை பரவலாயிற்று. பொறியின் பயனைப் பெரிதும் அனுபவித்தோர் பிறரே.

அற்லான்ரிக் சமுத்திரத்தின் மறுகரையில் வீட்டுக் கலையகம் வேறொரு தோற்றம் பெற்றது. குளொஸ்ரர்ஷயரில் 1929 இற் பிறந்த ஜோ மீக், கட்டாய இராணுவ சேவையின்போது ராடர் தொழில்நுட்பவியலாளராகப் பணிபுரிந்தவர். பின்னர் இலண்டன் கலையகங்களிற் பொறியியலாளராக இருந்தவர். இசைக்குறியீடு வாசிக்கத் தெரியாதவர். எந்த வாத்தியத்தையும் முறையாக வாசிக்க அறியாதவர். தம் மனத்தில் எழும் மெட்டைச் சுருதி பிசகப் பாடி நாடாவிற் பதிந்து கொடுக்க, இசைஞர்கள் அதனைப் பொருள்கொண்டு வாசிப்பர். 1960 இல் ஹொலவே வீதி 304 ஆம் இலக்கத்தில், தோற்பொருட் கடையொன்றின் மேல்மாடிகளை வாடகைக்கு எடுத்துக் கலையகமாக்கினார். குளியலறையிற் பாடகர் நிற்பார். மாடிப்படிகளில் வயலின்காரர் இருப்பர். 1964 இல் ஹணிகோம்ஸ் குழுவின் 'ஹாவ் ஐ த றைற்' பாடலுக்காக மரப்படிகளில் அனைவரையும் காலால் மிதிக்கச் செய்து, கைப்பிடிச் சட்டத்தில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி அவ்வோசையைத் தாளமாக்கினார். வீடு இங்கு கலையகம் மட்டுமன்று, வாத்தியமுமாயிற்று.

மீக்கின் புகழ் நிலைபெற்றது 'ரெல்ஸ்ரார்' இசைத்தட்டினால். 1962 ஜூலை 10 ஆந் திகதி விண்ணில் ஏவப்பட்ட தொடர்பாடற் செய்மதியின் பெயர் அது. ஓகஸ்ட் மாதமே ரொனேடோஸ் குழுவின் பெயரில் தட்டு வெளிவந்துவிட்டது. இங்கிலாந்தில் ஐந்து வாரங்கள் முதலிடம். டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். பிரித்தானியக் குழுவொன்று அமெரிக்காவின் பிரதான விற்பனைப் பட்டியலில் இவ்விடத்தை அடைந்தது பீற்றில்ஸ் குழுவினருக்கு முன்னர் என்பது பலர் அறியாதது. அத்தட்டில் மெட்டினை வாசித்த கருவி கிளாவியொலின்.

இக்கருவியை இங்கு சற்று விரித்து நோக்குதல் தகும். பிரெஞ்சுக்காரரான கொன்ஸ்ரன்ற் மாட்டின் 1947 இல் உருவாக்கிய கிளாவியொலின், வால்வுகளால் இயங்கும் சிறு விசைப்பலகை. பியானோவின் அடியிற் பொருத்தக்கூடியது. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே எழும். வயலின், புல்லாங்குழல் முதலியவற்றைப் போல ஒலிக்கும் என்பது அதனை விற்றோர் கூற்று. உண்மையில் அது அவை எவற்றையும் போல ஒலிக்கவில்லை. அக்குறையே அதன் வாழ்வாயிற்று. 1954 இல் பம்பாயில் தயாரான 'நாகின்' திரைப்படத்தில், ஹேமந்த் குமாரின் இசையமைப்பில், பாம்பாட்டியின் மகுடியோசையாகக் கல்யாண்ஜி வாசித்தது இதே கிளாவியொலின்தான். திரையில் வைஜயந்திமாலா ஆட, லதா மங்கேஷ்கரின் குரலுடன் எழுந்த அவ்வோசையை அசல் மகுடியென்றே கேட்டோர் பலர். 1952ஐ அடுத்த ஆண்டுகளில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் புறக்கணித்திருந்தமையால், இந்திய நேயர்களே இலங்கை வானொலியை நாடிய காலம் அது. ஆக, ஒரே கருவி பம்பாயில் மிகத் தொன்மையான நாட்டார் வாத்தியமாகவும், எட்டாண்டுகளின் பின் இலண்டனில் எதிர்கால விண்வெளியின் குரலாகவும் ஒலித்தது. ஒரு கருவியின் பொருளை அதனைச் செய்தவர் தீர்மானிப்பதில்லை. எடுத்து வாசிப்பவரும் கேட்கும் சமூகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர்.

மீக்கின் முடிவு துயரமானது. பதிந்த நாடாவைப் பெரிய கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடுவதே அவர் கண்ட வழி. 'ரெல்ஸ்ரார்' டெக்கா கம்பனியின் பெயரிலேயே கடைக்கு வந்தது. உற்பத்திச் சாதனம் அவருடையது, விநியோகம் அவருடையதன்று. அத்துடன், 'ஓஸ்ரர்லிற்ஸ்' என்ற பிரெஞ்சுத் திரைப்படத்திற்கு இசையமைத்தவர், மெட்டுத் தம்முடையதெனத் தொடுத்த வழக்கினால் அத்தட்டின் உரிமைப்பணம் முடக்கப்பட்டது. கடனும் மனநோயும் வருத்த, 1967 பெப்ரவரி 3 ஆந் திகதி மீக் தமது வீட்டின் உரிமையாளரான பெண்மணியைச் சுட்டுக்கொன்றபின் தம்முயிரையும் மாய்த்துக்கொண்டார். வழக்கு அவருக்குச் சார்பாக முடிந்தது அவர் இறந்த பின்னரே. தனித்த மேதையின் அவலம் என இதனைக் காட்டுவோர் உளர். ஒரு மனிதன் தனியே பொறியியலாளனாகவும் தயாரிப்பாளனாகவும் கடனாளியாகவும் வாடகைக் குடியிருப்பாளனாகவும் இருக்கவேண்டியிருந்த பொருளாதார நிலையைச் சேர்த்துப் பார்த்தாலன்றி இம்முடிவு முழுமையாக விளங்காது.

லெஸ் போலும் மீக்கும் விதிவிலக்கானவர்கள். ஒருவர் செல்வமும் செல்வாக்கும் உள்ள நண்பரைப் பெற்றவர், மற்றவர் தொழில்நுட்பம் கற்றவர். இரண்டும் இல்லாத சாதாரண இசைஞனின் கைக்குப் பலதடப் பொறி வந்தது 1979 இல், யப்பானின் ரியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்ரூடியோ 144' என்ற பொறியை வெளியிட்டபோதே. எவர் வீட்டிலும் இருந்த சாதாரண கசற்றே அதன் நாடா. கசற்றின் இரு பக்கங்களிலும் இரண்டிரண்டாக அமையும் நான்கு தடங்களையும் ஒரே திசையில், இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டதே அதன் உபாயம். விலை 1,199 டொலர்: ஒக்ரபஸின் விலையில் எட்டிலொரு பங்கு. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில் பணத்தின் பெறுமதி வீழ்ந்ததையும் கணக்கிற்கொண்டால் இன்னும் மலிவு.

இப்பொறியால் விளைந்தவற்றுள் அதிகம் பேசப்படுவது புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீனின் 'நெப்ராஸ்கா'. 1982 சனவரியில், நியூ ஜேர்சியில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், குழுவினருக்குக் கற்பிப்பதற்கான மாதிரியாகவே அவர் அப்பாடல்களைப் பதிந்தார். இரு தடங்களிற் குரலும் கிற்றாரும். எஞ்சிய இரண்டில் ஏனைய சிறு சேர்க்கைகள். பின்னர் பெருங்கலையகத்தில் முழுக்குழுவுடன் அவற்றை வாசித்துப்பார்த்தபோது, மாதிரியில் இருந்த ஏதோ ஒன்று பெரும்பாலான பாடல்களில் மறைந்துவிட்டது. உறையின்றிச் சட்டைப்பையிற் கொண்டுதிரிந்த அக்கசற்றே அவ்வாண்டு செப்ரெம்பரில் இசைத்தட்டாக வெளிவந்தது. கசற்றின் இரைச்சலைத் தட்டுக்கு மாற்றப் பொறியியலாளர் பட்டபாடு பெரிது. கொலையாளியையும் வேலையிழந்த தொழிலாளியையும் பாடும் அப்பாடல்களுக்குக் கலையகத்தின் மெருகு பொருந்தாதென்பதே உண்மை. எனினும் ஒன்றை மறத்தலாகாது: புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் இரைச்சல் மிக்க கசற்றைக் கம்பனி வெளியிட்டது அவர் புகழ்பெற்றவர் என்பதால். அதே பொறியில் அதே இரைச்சலுடன் பதிந்த ஆயிரக்கணக்கானோரின் கசற்றுகள் மேசை இழுப்பறைகளிலேயே தங்கின.

தமிழகத்தில் வீட்டுக் கலையகத்தின் வரலாறு ஒரு மரணத்திலிருந்து தொடங்குகிறது. மலையாளத் திரையிசையமைப்பாளரான ஆர். கே. சேகர் 1976 இல் இறந்தபோது அவர் மகனுக்கு வயது ஒன்பது. தந்தை வாங்கி வைத்திருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் சீவித்தது. வாடகைக்குச் செல்லாத வேளைகளில் அக்கருவிகள் சிறுவனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. 1989 இல் அவர், அப்போது ஏ. ஆர். ரஹ்மான், கோடம்பாக்கத்தில் தமது வீட்டுடன் சேர்த்துப் பஞ்சதன் என்ற கலையகத்தை அமைத்தார். விளம்பரங்களுக்கான சிறு இசைத்துணுக்குகளே அங்கு ஆரம்பத்தில் உருவாகின. 1992 இல் 'ரோஜா' அங்கிருந்து வந்தது. சென்னையின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது, நாற்பது வாத்தியக்காரர் ஒருசேர அமர்ந்து காலையில் ஒத்திகையும் மாலையிற் பதிவுமாக வாசித்த முறை அதன்பின் ஆண்டுக்காண்டு குறைந்தது. வயலின் வரிசையின் பின்னிருக்கைகளில் அமர்ந்து அன்றன்றைய ஊதியத்தை நம்பியிருந்தோர், 1942 இல் பெற்றில்லோவின் சங்கத்தினர் கேட்ட அதே கேள்வியைக் கோடம்பாக்கத்தில் தமிழிற் கேட்கலாயினர்.